சிகரெட்டை விட்ட மூன்றாவது வாரத்தில் மீண்டும் தொடங்கிவிடுகிறேன். என்ன செய்தால் நிலைக்கும்?

40 வயதை நெருங்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு வாரங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுவதாகவும், அதன் பிறகு "ஒன்றே ஒன்று" என்று தொடங்கிச் சில நாட்களில் பழைய அளவுக்கே வந்துவிடுவதாகவும், தனக்கு மன உறுதி போதவில்லையோ என்று தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறார். நானும் பல ஆண்டுகள் புகைத்தவன். விட்டும் பல ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு வாரங்களைத் தாண்டிய ஒருவருக்கு மன உறுதி இல்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மிகக் கடினமான பகுதியை நீங்கள் ஏற்கெனவே பலமுறை கடந்திருக்கிறீர்கள். உங்களை மறுபடியும் இழுப்பது வேறொன்று.

இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் சில நொடிகளிலேயே மூளையை எட்டிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால்தான் அடுத்த சிகரெட்டுக்கான தேடல் அவ்வளவு விரைவில் வருகிறது. நிறுத்தியவுடன் ஏற்படும் எரிச்சல், தூக்கக் கேடு, அளவுக்கு மீறிய பசி, எதிலும் மனம் நிற்காமை ஆகியவை முதல் 2, 3 நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களுக்குள் தணிந்துவிடும். ஆகவே மூன்றாவது வாரத்தில் உங்கள் கை சிகரெட்டை நோக்கிப் போகும்போது, உடம்பு அதைக் கேட்பது பெரும்பாலும் குறைந்திருக்கும். அப்போது கேட்பவை இடமும் நேரமும் கூட இருக்கும் ஆட்களும்தான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பிறகே எனக்கு விட்டது நிலைத்தது என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அங்கே போவோம். கண்ணாடி டம்ளரில் டீயை வைக்கும்போதே, நான் கேட்காமல், பக்கத்தில் ஒரு சிகரெட்டையும் கடைக்காரர் எடுத்து வைத்துவிடுவார். கடையின் தூணில் தொங்கும் கயிற்றின் நுனி நாள் முழுவதும் கனன்றுகொண்டே இருக்கும் என்பதால் தீப்பெட்டி கூடத் தேவைப்படாது. இத்தகைய ஏற்பாட்டுக்கு நடுவே போய் நின்றுகொண்டு, வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் இரண்டு முறை முடிவெடுப்பது எவராலும் நெடுநாள் முடியாது. நான் செய்தது, கூட்டமில்லாத நேரம் பார்த்து அவரிடம் நேரடியாகச் சொன்னதுதான்: "அண்ணா, நான் நிறுத்திட்டேன். இனிமே எனக்கு எடுத்து வைக்காதீங்க." அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிங்க தம்பி, நீங்களா கேட்டாலும் கிடையாது" என்றார், அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். ஆனாலும் முதல் இரண்டு மாதங்கள் நான் அங்கே நிற்காமல், பட்டறைப் பையனிடம் ஃபிளாஸ்கில் வாங்கி வரச் சொல்லி உள்ளேயே குடித்தேன். நண்பர்களை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் வீணானது. அவர்களில் இருவர் என்னோடு உள்ளேயே உட்காரத் தொடங்கினார்கள்.

டீ, காபியைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. புகையிலுள்ள சில வேதிப்பொருட்கள், காஃபீனைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தைக் கூட்டிவிடுகின்றன. புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமாகக் குடிக்கும் அதே அளவு காபி இரத்தத்தில் முன்னைவிடக் கூடுதலாகவும் நெடுநேரமும் தங்குகிறது. படபடப்பும் தூக்கமின்மையும் வந்து, சிகரெட் இல்லாததால்தான் இப்படி ஆகிறது என்று நினைத்துத் திரும்பவும் பற்றவைப்பவர்கள் உண்டு. நாளைக்கு நான்கைந்து காபி குடிப்பவராக இருந்தால் நிறுத்தும் நாளிலிருந்தே அதைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். க்ளோசபைன், ஓலான்சபைன், தியோஃபிலின் போன்ற மருந்துகளுக்கும் இதே விளைவு உண்டு. அவற்றைச் சாப்பிடுபவர்கள் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டாக வேண்டும்.

மருந்தின் துணையை நாடுவதை இழுக்காக நினைக்காதீர்கள். எந்த உதவியுமின்றி விட முயல்பவர்களில் ஓர் ஆண்டுக்குப் பிறகும் விட்டவர்களாகவே இருப்பவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 3 முதல் 5 பேர்தான். நிகோட்டின் சூயிங்கம் இங்கே மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. 2 மில்லிகிராமுக்குச் சீட்டும் தேவையில்லை. ஆனால் அதைச் சாதாரண மிட்டாயைப் போல விடாமல் மென்று விழுங்குவதால், விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் காரமோ விறுவிறுப்போ தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த உணர்வு மறைந்ததும் மீண்டும் சில முறை மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம் வரும். அதற்கு 15 நிமிடம் முன்னும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி, பழச்சாறு கூடாது. அவை நிகோட்டின் வாய்வழியே ஏறுவதைத் தடுத்துவிடும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவராக இருந்தால் 4 மில்லிகிராம் தேவைப்படலாம்; அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோடு சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஏதேனும் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடக் கூடுதல் பலன் தருகிறது. வாரெனிக்ளின் என்ற மாத்திரையும் உண்டு. அதை நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, பொதுவாக 12 வாரங்கள் சாப்பிடுவார்கள். எதுவானாலும், உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாவது வாரத்திலேயே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். உங்களைப் போல மூன்றாவது வாரத்தில் வழுக்குபவர்களுக்கு இது மிக முக்கியம்.

புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண் 2018 முதல் சிகரெட், பீடி உறைகளில் அச்சிடப்படுகிறது. தமிழிலும் பேசலாம், அவர்களே திரும்ப அழைத்துத் தொடர்ந்து விசாரிப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலோர் பெட்டிக்கடையில் ஒன்றிரண்டாகச் சில்லறையில் வாங்குவதால் உறையே அவர்கள் கைக்கு வருவதில்லை, இந்த எண் கண்ணில் படுவதும் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி. நேரில் பேச விரும்புபவர்களுக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலைப் பழக்க நீக்க மையம் 2002 முதல் இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடலாமா என்று பலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் ஏறக்குறைய 700 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும், இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினரும் 4 வாரங்களுக்குப் பிறகு புகைக்காமல் இருந்தார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது. எண்ணிக்கையைக் குறைத்தபோதெல்லாம் மிச்சமிருந்த சிகரெட்டின் மதிப்புதான் கூடிக்கொண்டே போனது. நாளைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வதும் பாதுகாப்பல்ல. 20 சிகரெட்டால் இதயத்துக்குக் கூடும் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, ஒரே ஒரு சிகரெட்டாலேயே வந்துவிடுகிறது.

மாதங்கள் கடந்த பிறகு வரும் சந்தர்ப்பங்கள்தான் எதிர்பாராதவை. துக்க வீட்டில் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டிய நிலை, கல்யாணத்துக்கு முந்தைய இரவின் சீட்டாட்டம், நெடுஞ்சாலை மோட்டலில் பேருந்து நிற்கும் அந்தக் கால் மணி நேரம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும். நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்த இரவில், பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெரியப்பா முறையுள்ள ஒருவர் எதுவும் பேசாமல் பெட்டியை என் பக்கம் நீட்டினார். அது ஆறுதல் சொல்லும் முறை; மறுப்பது அவமதிப்பாகிவிடுமோ என்று தோன்றியது. "விட்டுட்டேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். கைக்கு ஒரு வேலையும் நகர்ந்து போக ஓர் இடமும் இருந்தால் போதும். அந்த உந்துதல் எவ்வளவு வலுவாக வந்தாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். "இப்போது வேண்டாம்" என்று மழுப்பினால் ஒரு மணி நேரத்தில் பெட்டி மறுபடியும் வரும்.

எல்லாவற்றையும் மீறி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், கையிலிருக்கும் மீதியை அப்போதே நசுக்கி எறிந்துவிட்டு, அன்றே அந்த இலவச எண்ணை அழையுங்கள். ஒன்று பிடித்தவர்களில் பெரும்பாலோர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது உண்மைதான். எல்லாம் போய்விட்டது என்று நினைத்து அடுத்ததை வாங்குவதும் அதற்கு ஒரு காரணம். புகைப்பதை விட்ட பிறகு சராசரியாக 4, 5 கிலோ எடை கூடக்கூடும். அதற்காக முதல் மூன்று மாதங்களில் பட்டினி கிடக்க வேண்டாம், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 40 வயதில் விடுபவர், விடாதவரைவிடச் சராசரியாக 9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்வதைக் காட்டியது. உங்கள் வயது அதுதான். இந்த முறை தேதி குறிக்கும் முன், கடந்த முறைகளில் அந்த "ஒன்றே ஒன்று" எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது, எந்த நேரத்தில் நடந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று இடங்களே திரும்பத் திரும்ப வரும். அவற்றை இங்கே பின்னூட்டத்தில் எழுதினால், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம் என்று என்னால் இயன்றவரை சொல்கிறேன்.