புல்டோசருக்குப் பெயர் கொடுத்தது காளையா?

கேள்வி: காளை முட்டித் தள்ளுவதுபோல மண்ணைத் தள்ளுவதால்தான் புல்டோசர் என்று பெயர் வந்ததா?

பதில்: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்திரம் வருவதற்கு முன்பே அந்தப் பெயர் அடியாட்களுக்கு இருந்தது. 1876இல் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். லூசியானாவில் கறுப்பின மக்கள் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிடக் கூடாது என்று வெள்ளையர் கும்பல்கள் அவர்களை மிரட்டின, சாட்டையால் விளாசின. அந்த அடிக்குப் பெயர் 'புல்-டோஸ்'. காளை மாட்டுக்கே போதுமான டோஸ் என்று கணக்கு. நாமும் 'மேனேஜர் செம டோஸ் விட்டார்' என்கிறோமே, அதே டோஸ்தான். அடித்தவன் புல்டோசர். பிறகு பெரிய கைத்துப்பாக்கிக்கும் அந்தப் பெயர் போனது. பட்டறையில் தடித்த இரும்பை அழுத்தி வளைக்கும் எந்திரத்துக்கும் போனது. முன்னால் இரும்புத் தகடு மாட்டி மண் தள்ளும் டிராக்டருக்கு அது ஒட்டிக்கொண்டது 1930 வாக்கில்தான். யார் வீட்டையோ இடிக்க அந்த வண்டி வந்து நிற்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், பழைய பொருள் இன்னும் முழுசாகப் போகவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

கேள்வி: கிரேனுக்கும் கொக்குக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. கிரேன் என்பது கொக்கு போன்ற நீண்ட கழுத்துள்ள பறவை. தமிழில் கொக்கு, நாரை என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். கிரேக்க மொழியிலும் பிரெஞ்சிலும்கூடப் பறவைக்கும் பளுதூக்கிக்கும் ஒரே பெயர்தான். பாரம் தூக்கும் இன்னொரு சாதனமான டெரிக் மட்டும் வேறு கதை. 1600 வாக்கில் லண்டனில் தூக்குப் போட்டுவந்த டெரிக் என்பவரின் பெயர் முதலில் தூக்குமரத்துக்கு வந்தது, அப்புறம் பாரம் தூக்கும் மரத்துக்கு. இன்று எண்ணெய்க் கிணற்றின் மேல் நிற்கும் கோபுரமும் டெரிக்தான்.

கேள்வி: நூல் நூற்கும் எந்திரமான 'ஸ்பின்னிங் ஜென்னி'யில் வரும் ஜென்னி, அதைக் கண்டுபிடித்த ஹார்கிரீவ்ஸின் மகள்தானே?

பதில்: பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். ஆனால் அவர் மனைவி பெயர் எலிசபெத். மகள்களிலும் ஜென்னி இல்லை. எஞ்சின் என்பதுதான் பேச்சில் ஜின், ஜென்னி என்று தேய்ந்தது என்பார்கள். பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் நம்மூர் ஜின்னிங் மில்லில் இருப்பதும் அதே ஜின்தான். குடிக்கிற ஜின் வேறு. அது ஜூனிப்பர் காயிலிருந்து வந்த பெயர்.

கேள்வி: ஜேசிபி, பொக்லைன், ஹிட்டாச்சி எல்லாம் ஒரே எந்திரமா?

பதில்: மூன்றுமே கம்பெனிப் பெயர்கள். ஜேசிபி என்பது இங்கிலாந்தின் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் இனிஷியல், 1945இல் தொடங்கியது. பொக்லைன் பிரான்ஸ். ஹிட்டாச்சி ஜப்பானில் ஓர் ஊர். முன்னும் பின்னும் வாளி வைத்த டயர் வண்டி வேண்டுமென்றால் ஜேசிபி என்று கேளுங்கள், செயினில் நகரும் ஒற்றைக்கை வண்டி என்றால் மற்ற இரண்டில் ஒன்று. வாடகைக்கு விடுபவருக்குப் புரிந்துவிடும்.