அமைச்சரின் பதிலை எப்படி வாசிப்பது? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இலங்கைப் பாராளுமன்றத்தைப் பற்றியவை. காணி, கடல், ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடும் ஜெனீவா என்று பொருள் வேறுபட்டாலும், அமைச்சர் சபையில் சொல்லும் பதிலால் நமக்கு ஏதாவது ஆகுமா என்ற மனக்குறைதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றையே ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: காலை அமர்வை நான் தொலைக்காட்சியில் பார்ப்பதுண்டு. உறுப்பினர் கேள்வியின் இலக்கத்தைச் சொல்கிறார். அமைச்சர் எழுந்து, "விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கின்றேன்" என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறார். இதற்குப் பெயர் பதிலா?
– மல்லாவியிலிருந்து ஒரு விவசாயி

பதில்: பதில்தான்; சில வேளைகளில் வாய்விட்டு வாசிக்கப்படும் விடையைவிட நல்ல பதில். வாய்மூல விடைக்கான வினா என்பது அன்றைய தினம் நினைத்துக்கொண்டு எழுந்து கேட்கப்படுவதன்று. உறுப்பினர் அதை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். அது ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி, உரிய அமைச்சுக்கும் போய்ச் சேரும். அமைச்சு திணைக்களத்தைக் கேட்கும், திணைக்களம் மாவட்டச் செயலகமான கச்சேரியைக் கேட்கும், கச்சேரி பிரதேச செயலகத்தைக் கேட்கும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ ஓர் உத்தியோகத்தர் கோப்பைப் புரட்டி எழுதிக்கொடுக்கும் எண்ணிக்கைதான் ஒவ்வொரு மேசையாக ஏறி, சில இடங்களில் மெருகேறி, பாராளுமன்றத்தில் அமைச்சரின் கைக்குக் கிடைக்கிறது. அமைச்சர் வாசிப்பது பெரும்பாலும் அவர் எழுதியதன்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அவர்மீது வரும் கோபமும் நம்பிக்கையும் ஒருசேரக் குறையும்.

சபாபீடத்தில், அதாவது சபையின் மேசையில், வைக்கப்படும் விடை, பாராளுமன்ற நடவடிக்கைகளின் அச்சுப் பதிவான ஹன்சாட் அறிக்கையில் முழுமையாக அச்சாகிறது. நேரம் போதாது என்று வாசிக்காமல் விடப்படும் அட்டவணைகளும் ஊர்ப் பெயர்களும் ஏக்கர்க் கணக்கும் அங்கேதான் கிடைக்கும். உண்மையான நழுவல் வேறிடத்தில் நடக்கிறது. "விடையளிப்பதற்கு இரண்டு வார கால அவகாசம் வேண்டும்" என்று அமைச்சரோ, அவருக்காக ஆளுங்கட்சியின் பிரதம கொறடாவோ கேட்பார். ஹன்சாட்டில் "வினாவை மற்றொரு தினத்திற் சமர்ப்பிக்கக் கட்டளையிடப்பட்டது" என்று ஒரு வரி விழும். அதே கேள்வி மறுபடியும் மறுபடியும் இப்படியே தள்ளிப்போனால், ஒன்றில் கீழே தகவல் இல்லை, அல்லது இருக்கும் தகவலை வெளியில் சொல்ல விருப்பமில்லை என்று கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எழுதிக்கொடுத்த கேள்வி முடிந்ததும் உறுப்பினர் மேலதிகக் கேள்விகளைக் கேட்க எழுவார். அதற்குக் கையில் தாள் இராது. பின்வரிசையில் உத்தியோகத்தர்கள் அமர்ந்திருக்கும் பக்கம் அமைச்சரின் கண் போகிறதா, தாமே பதில் சொல்கிறாரா என்பதை வைத்து, அந்த அமைச்சர் தமது துறையை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்று ஓரளவு மதிப்பிட முடியும். நான் தொலைக்காட்சியில் காத்திருந்து பார்ப்பது அந்தச் சில நிமிடங்களைத்தான்.

கேள்வி: நமது உறுப்பினர்கள் இராணுவத்தின் வசமுள்ள காணி பற்றி எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்கள். "படிப்படியாக விடுவிக்கப்படும்" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. கேட்பதில் பிழையா, பதிலில் பிழையா?
– புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: இரண்டிலும் பங்கு உண்டு, ஆனால் கேட்பதை மட்டுமே நாம் திருத்த முடியும் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

"முல்லைத்தீவில் கேப்பாப்புலவு மக்களின் காணிகள் எப்போது விடுவிக்கப்படும்?" என்று கேட்டால், தேசிய பாதுகாப்பைக் கருத்திற்கொண்டு படிப்படியாக என்ற பதிலைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்க முடியாது. கேள்வியே அந்தப் பதிலுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக, ஹன்சாட் நடையிலேயே இப்படி ஒரு கேள்வியை அமைத்துப் பாருங்கள்: (அ) 2017 டிசம்பரில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டதன் பின்னர், கேப்பாப்புலவு கிராம அலுவலர் பிரிவில் இராணுவத்தின் வசம் எஞ்சியுள்ள தனியார் காணியின் பரப்பளவு எத்தனை ஏக்கர், (ஆ) அவற்றின் உரிமையாளர்கள் எத்தனை பேர், (இ) அவர்களில் எத்தனை பேருக்கு நட்டஈடோ மாற்றுக் காணியோ எந்தத் திகதியில் வழங்கப்பட்டது என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஈ) இன்றேல், ஏன்? இந்தக் கேள்விக்குப் "படிப்படியாக" என்று பதில் சொல்ல முடியாது. எண் சொல்ல வேண்டும், அல்லது சொல்ல மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். எது வந்தாலும் அது பதிவாகிவிடும்.

நூற்றுவீதங்களிலும் கவனமாக இருங்கள். கைப்பற்றப்பட்ட தனியார் காணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விடுவித்தாயிற்று என்று அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சொல்லி வந்திருக்கின்றன. எந்த ஆண்டில் இருந்த பரப்பளவை முழுத்தொகையாக எடுத்தார்கள், அதில் அரச காணியையும் சேர்த்தார்களா, வனத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டி வைத்திருக்கும் வயல்கள் எந்தக் கணக்கில் வருகின்றன என்று கேட்காத வரை அந்த நூற்றுவீதத்தால் நமக்குப் பயனில்லை. கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 தொடக்கத்தில் விமானப்படை முகாமின் வாசலில் வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் அமர்ந்திருந்து தங்கள் காணிக்குள் திரும்பினார்கள். அவர்கள் கேட்டது நூற்றுவீதத்தை அன்று. தங்கள் வேலிக்குள் இருந்த நிலத்தை.

கேள்வி கூர்மையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைய உதாரணம் 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் குறிப்பிட்டு, மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாக்கப்படும் என்று அறிவித்தார்கள். இடம்பெயர்வில் காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவரும், பிள்ளைகள் கடல்கடந்து வாழும் முதியவரும் மூன்று மாதத்தில் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? எந்த வர்த்தமானி, எந்தச் சட்டம், எத்தனை ஏக்கர், எவ்வளவு கால அவகாசம் என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு சபையிலும் வெளியிலும் கேட்டார்கள். அந்த ஆண்டிலேயே அரசாங்கம் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. "தமிழர் நிலம் பறிபோகிறது" என்ற பொதுவான முறைப்பாட்டுக்கு அவ்வளவு விரைவில் அசைந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கும் நாங்கள் எங்கள் பிரச்சினையை வன்னி மாவட்ட உறுப்பினரிடம் கொடுக்கலாமா?
– கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவர்

பதில்: கொடுக்கலாம். தேர்தல் கணக்கில் வன்னி மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டுமே. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் கேள்வி கேட்பதற்கு அந்த எல்லை தடையன்று. 225 உறுப்பினர்களில் எவரும் நாட்டின் எந்தப் பகுதியைப் பற்றியும் கேட்கலாம்.

கேள்வி: வெளிவிவகார அமைச்சர் சில நாள்களில் உள்நாட்டு விடயங்களுக்கும் பதில் சொல்கிறாரே, அது முறையா?
– வவுனியாவிலிருந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்

பதில்: முறைதான். அமைச்சரவை முழுவதும் பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. வராத அமைச்சருக்காக இன்னொருவர் பதில் சொல்வதும் வழமை. சுதந்திரத்தையொட்டி வந்த சோல்பரி அரசியலமைப்புக் காலத்தில் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதமரிடமே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அந்த வழக்கம் 1977 வரை நீடித்தது, அவ்வாண்டில்தான் ஏ. சி. எஸ். ஹமீட் தனியான முதல் வெளிவிவகார அமைச்சரானார். 2024 நவம்பரில் பொறுப்பேற்ற விஜித ஹேரத்திடம் வெளிவிவகாரத்துடன் வெளிநாட்டு வேலைவாய்ப்பும் சுற்றுலாவும் கொடுக்கப்பட்டன. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன மகளிடமிருந்து மாதக்கணக்கில் செய்தி இல்லை என்று நெடுங்கேணியில் ஒரு தாய் தவித்தால், அந்தக் கேள்வியும் ஜெனீவாவைப் பற்றிய கேள்வியும் ஒரே மேசைக்குத்தான் போகும்.

வன்னியிலிருந்து போன பழைய அமைச்சர் ஒருவரையும் இவ்விடத்தில் நினைக்கலாம். 1947இல் வவுனியாவிலிருந்து சுயேச்சையாகத் தெரிவான கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம் முதலாவது அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்தார். அடுத்த ஆண்டிலேயே பதவியை விட்டு வெளியேறினார். கேள்விக்குப் பதில் சொல்லும் ஆசனத்தைவிடக் கேட்கும் ஆசனமே அவருக்குப் பொருந்தியது என்பது என் எண்ணம்.

கேள்வி: இந்திய றோலர்களைப் பற்றிக் கடற்றொழில் அமைச்சர் ஒன்று சொல்கிறார், வெளிவிவகார அமைச்சர் வேறொன்று சொல்கிறார். வாரத்தில் மூன்று நாள் வலை விட அஞ்சிக் கரையில் நிற்பவர்கள் நாங்கள். யாருடைய பதிலை எடுத்துக்கொள்வது?
– பேசாலையிலிருந்து ஒரு கடற்றொழிலாளர்

பதில்: இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு செவிகளுக்குச் சொல்லப்படுகின்றன. கடற்றொழில் அமைச்சர் உங்களுக்குப் பேசுகிறார்: சட்டம் கடுமையாக நடைமுறைப்படுத்தப்படும் என்கிறார். வெளிவிவகார அமைச்சர் டில்லியையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்: மனிதாபிமானம், இருதரப்புப் பேச்சு என்கிறார். 1974, 1976 உடன்படிக்கைகளால் கடல் எல்லை வரையப்பட்டாயிற்று. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால், றோலர்கள் செய்யும் இழுவைமடித் தொழில் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணம் பெரிதாக உயர்த்தப்பட்டது. ஆகவே சட்டம் இல்லை என்ற குறை இல்லை. இரு நாடுகளின் வெளிவிவகார, கடற்றொழில் அமைச்சர்கள் 2016 நவம்பரில் கூடி அமைத்த கூட்டுச் செயற்குழு ஒன்றும் இருக்கிறது.

கேட்க வேண்டியது, அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, எதில் இணங்கியது, இணங்கியதில் எது நிறைவேறியது என்பதே. கடற்றொழில் அமைச்சரிடம், பறிமுதல் செய்யப்பட்ட படகுகளிலிருந்து கிடைத்த பணத்தில் வலை அறுபட்டவர்களுக்கு எவ்வளவு போனது என்று கேட்கச் சொல்லுங்கள். டில்லியில் நடப்பதையும் விட்டுவிட வேண்டாம். இந்தியப் பாராளுமன்றத்தில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இதே கடலைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே வெளியுறவு அமைச்சு கைதான மீனவர்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. அறுபட்ட வலைகளின் எண்ணிக்கையை அங்கே எவரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு எந்தச் சபையிலும் பதில் பதிவாகாது.

கேள்வி: ஜெனீவாவில் அரசாங்கம் பேசுவதும் பாராளுமன்றத்தில் பேசுவதும் ஒன்றுதானா?
– முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி

பதில்: சொற்கள் நெருங்கி வரும், அழுத்தம் மாறும். 2015 அக்டோபரில், நல்லிணக்கமும் பொறுப்புக்கூறலும் பற்றிய பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது. 2020 பெப்ரவரியில் அப்போதைய வெளிவிவகார அமைச்சர் தினேஷ் குணவர்தன ஜெனீவாவில் வைத்தே அதிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதன் பின்னர் வந்த 2021ஆம் ஆண்டின் 46/1, 2022ஆம் ஆண்டின் 51/1 ஆகிய தீர்மானங்களை இலங்கை ஏற்கவில்லை. ஆட்சி மாறினாலும் அங்கே திரும்பத் திரும்பக் காட்டப்படுவது உள்நாட்டுப் பொறிமுறை: 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த காணாமற்போனோர் அலுவலகமும், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இழப்பீட்டு அலுவலகமும். அலுவலகம் இருக்கிறது என்பதே அங்கு பதிலாகிவிடுகிறது.

இங்கே சபையில் கேட்க வேண்டியது வேறு. காணாமற்போனோர் அலுவலகம் முல்லைத்தீவு மாவட்டத்துக் கோப்புகளில் எத்தனையில் ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிந்து குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறது? கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமற்போனோரின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியபோது கேட்டதும் இதுவே. ஜெனீவா உரையையும், அதே காலப்பகுதியின் ஹன்சாட்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள். அங்கே சொன்ன எண்ணிக்கை இங்கே சொல்லப்படாவிட்டால், உங்கள் உறுப்பினருக்கு அடுத்த கேள்வி கிடைத்துவிட்டது.

கேள்வி: உறுப்பினரைத் தேடிப்போக வசதியில்லாத எங்களைப் போன்றவர்கள் நேரே கேட்க வழி உண்டா?
– நெடுங்கேணியிலிருந்து ஒரு குடும்பத் தலைவி

பதில்: பாராளுமன்றத்தில் உங்கள் மனுவைச் சமர்ப்பிக்க உறுப்பினர் ஒருவர் வேண்டும்; அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். காலம் எடுக்கும். உறுப்பினர் இல்லாமலே செய்யக்கூடியது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலரே எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். தமிழில் கேளுங்கள், வடக்கில் நிருவாக மொழி தமிழ். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஹன்சாட்டில் கேள்வி மூன்று மொழிகளிலும் இருக்கும், ஆனால் அமைச்சர் சிங்களத்தில் தந்த விடை சிங்களத்தில் மட்டுமே இருக்கும். நம்மவர் பலர் கேள்வியை வாசித்துவிட்டு அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

விண்ணப்பத்தில், "இன்ன திகதியில் இன்ன அமைச்சர் பாராளுமன்றத்தில் அளித்த விடையில் எமது பிரிவுக்கு இவ்வளவு வீடுகள் என்று கூறியுள்ளார், அதன் பெயர்ப்பட்டியலும் கொடுப்பனவுத் திகதிகளும் தேவை" என்று எழுதுங்கள். அமைச்சரின் எண்ணிக்கையை எழுதிக்கொடுத்த அலுவலகமே இப்போது அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். பாதுகாப்பு, வெளிநாட்டுறவு, மற்றவரின் தனிப்பட்ட விபரம் என்று காரணம் காட்டிச் சிலவற்றை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வீட்டுத்திட்டப் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா என்பது அதில் அடங்காது. 14 வேலை நாள்களுக்குள் முடிவு வர வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் பயன் தராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது ஏற்றுக்கொண்டதற்கான சீட்டைத் திகதியுடன் வாங்காமல் அந்தக் கதவைத் தாண்டி வெளியே வர வேண்டாம்.