வாஸ்வானில் இருப்பது காடு அல்ல, கடை

கேள்வி: ஸ்ரீநகரில் நண்பர் வீட்டுத் திருமணத்துக்குக் குடும்பத்துடன் போகிறோம். மருதாணி இரவில் ‘வனவுன்’, மறுநாள் ‘வாஸ்வான்’ விருந்து என்கிறார். காஷ்மீரியில் ‘வன்’ என்றால் காடு என்று படித்தேன். இரண்டுக்கும் காட்டுக்கும் என்ன உறவு?

பதில்: உறவு இல்லை. ஆங்கில எழுத்தில் எல்லாமே ஒன்றுபோல் தெரிவதால் வரும் குழப்பம் இது. நம் எழுத்தில் குறில், நெடிலைப் பிரித்து எழுதினால் பாதி தெளிந்துவிடும்.

குறிலாக ஒலிக்கும் ‘வன்’தான் காடு, நாம் சொல்லும் வனமேதான். “அன் போஷி தெலி, யெலி வன் போஷி” என்பது நுந்த ரிஷி என்ற காஷ்மீர ஞானியின் வாக்கு. காடு இருக்கும் வரைதான் சோறு இருக்கும் என்று பொருள். சரார்-எ-ஷரீஃபில் அடங்கியிருக்கும் அந்த ஞானியின் இந்த வரியைக் காஷ்மீரிகள் இன்றும் சொல்கிறார்கள்.

நெடிலாக ஒலிக்கும் ‘வான்’ என்றால் கடை. ‘வாஸா’ என்பவர் சமையற்காரர். ஆக வாஸ்வான் என்றால் சமையற்காரரின் கடை. விருந்துக்கு அதுவே பெயராகிவிட்டது. விடியற்காலையில் ரொட்டி வாங்கக் கூடும் இடம் ‘காந்துர் வான்’, ரொட்டிக் கடை. இந்த ‘வான்’ சமஸ்கிருத ‘ஆபண’த்திலிருந்து வந்தது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்: அதே சொல் தமிழில் ‘ஆவணம்’ ஆகி, சங்கப் பாடல்களில் கடைவீதியைக் குறிக்கிறது. பத்திரம் என்ற பொருளில் மட்டும் அதை அறிந்தவர்களுக்கு ஸ்ரீநகரின் ரொட்டிக் கடை ஒரு தூரத்து உறவு.

‘வனவுன்’ வேறு வழி. ‘வனுன்’ என்றால் சொல்லுதல். திருமண வீட்டில் பெண்கள் சேர்ந்து பாடும் பாட்டுக்கு அந்தப் பெயர். முஸ்லிம் வீடுகளிலும் பண்டிதர் எனப்படும் காஷ்மீர இந்துக்களின் வீடுகளிலும் பாடுகிறார்கள். மெட்டும் வேகமும் மாறும். நண்பரின் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வரிக்காவது பொருள் கேளுங்கள், மகிழ்ந்து சொல்வார்கள்.

விருந்தில் ‘த்ராமி’ என்னும் செம்புத் தாம்பாளத்தில் நான்கு பேர் சேர்ந்து உண்பீர்கள். தொடக்கத்திலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். ரிஸ்தா, ரோகன் ஜோஷ் என்று இறைச்சி வகைகள் அடுத்தடுத்து வரும். தயிர்க் குழம்பில் பெரிய இறைச்சி உருண்டையாகக் குஷ்தாபா வந்தால், இறைச்சி வரிசை முடிந்தது என்று அறிந்துகொள்ளலாம்.