புல் படிக்கப் போகிறேன் என்று மகன் சொன்னால்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் தாவரவியல் இரண்டாம் ஆண்டு, நல்ல மதிப்பெண், ஆனால் காட்டுப் புற்களை இனம் பிரித்து அறிவதில்தான் மேற்படிப்பு என்று பிடிவாதமாக நிற்கிறார். புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. பதில் சொல்வதற்கு முன்னால், தம்பி எதில் மனம் வைத்திருக்கிறார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் வேலையைப் பற்றிய பேச்சு உங்களுக்குப் பிடிபடும்.

புல் குடும்பத்தில் ஏறக்குறைய 12,000 இனங்கள் இருக்கின்றன. நெல், கோதுமை, கரும்பு, மூங்கில் எல்லாம் இதில்தான் அடக்கம். மற்ற செடிகளை நாம் பூவின் நிறத்தையும் இதழையும் வைத்து அடையாளம் சொல்கிறோம். புல்லின் பூவில் கண்ணைக் கவரும் இதழே கிடையாது. அடையாளம் எல்லாம் மிகச் சிறிய இடங்களில் ஒளிந்திருக்கும். இலையின் பரப்பு, தண்டைச் சுற்றியிருக்கும் உறையோடு சேரும் இடத்தில், உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வோ மயிர் வரிசையோ இருக்கும். அதை லிகுல் என்பார்கள். புல் படிக்கிறவர்களின் கை முதலில் போவது அந்த இடத்துக்குத்தான்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நெல் வயலில் களையாக வரும் குதிரைவாலி இனப் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் பருவத்தில் அது அப்படியே நெல் நாற்று மாதிரி இருக்கும். இலையை லேசாகப் பின்னுக்கு வளைத்துப் பார்த்தால், நெல்லில் லிகுல் தெளிவாகத் தெரியும், களையில் அது இருக்கவே இருக்காது. இந்தக் களையில் ஒரு வகை நெல்லைப் போலவே தோற்றம் எடுத்ததற்குக் காரணம் மனிதக் கண்தான். கையால் களை பறித்தவர்களின் கண்ணில் மாட்டியவை போயின, நெல்லைப் போலவே இருந்து தப்பியவை விதை போட்டன. தலைமுறை தலைமுறையாக இது நடந்திருக்கிறது.

நெல்லையும் களையையும் பிரிப்பது முதல் படி. அந்தக் களைகளுக்குள்ளேயே எகினோக்ளோவா கொலோனா, எகினோக்ளோவா கிரஸ்-கல்லி என்று இரண்டு நெருங்கிய உறவுகள் உண்டு. கதிரில் பூக்களைத் தாங்கி நிற்கும் சின்னச் சின்ன அலகைச் சிறுகதிர் என்பார்கள். கொலோனாவின் சிறுகதிர்கள் சிறியவை, முனையில் நீண்ட கூர் இருக்காது, ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும். கிரஸ்-கல்லிக்குப் பெரும்பாலும் கூர் உண்டு. அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லில்தான் சிக்கல். கூர் இல்லாத கிரஸ்-கல்லியும் வயலில் நிற்கும். ஒரே ஓர் அடையாளத்தை நம்பினால் தப்பாகிவிடும். சிறுகதிரின் அளவு, கதிர்க்கிளையின் நீளம், வரிசை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லும் பழக்கம் வர வேண்டும். அதற்குச் சில வருடங்கள் பிடிக்கும்.

காட்டு ஓட்ஸில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேறுபாடு இருக்கிறது. அவீனா ஃபட்டுவா முற்றியதும் அதன் சிறுகதிரில் உள்ள ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கழன்று விழும், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தழும்பு இருக்கும். அவீனா ஸ்டெரிலிஸில் மணிகள் ஒன்றாகவே விழும், அடி மணியில் மட்டும்தான் தழும்பு. பச்சைச் செடியாகப் பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம், தரையில் விழுந்த விதையை எடுத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். ‘புல் வல்லுநர்’ என்ற பெயரிலேயே இருக்கும் பணியிடங்கள் மிகக் குறைவு. காய வைத்த தாவர மாதிரிகளைப் பாதுகாக்கும் பெரிய ஹெர்பேரியங்களிலும் சில பல்கலைக்கழகங்களிலும்தான் கிடைக்கும், அதற்கு முனைவர் பட்டம் வரை போக வேண்டும். இதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் இந்தத் திறமை தேவைப்படும் வேலைகள் வேறு பெயர்களில் நிறைய இருக்கின்றன. விதைப் பரிசோதனைக் கூடம் ஒன்று. சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கம் 1924-இலேயே தொடங்கிவிட்டது. விதை மூட்டையில் கலப்பு இருக்கிறதா என்று பார்ப்பவருக்குப் புல் விதைகள் பெரிய சோதனை. ரைகிராஸ் என்ற தீவனப் புல்லின் இரண்டு இனங்களை விதையை மட்டும் பார்த்து உறுதியாகப் பிரிப்பது கடினம் என்பதால், வெள்ளை வடிதாளில் முளைக்க வைத்து, புற ஊதா ஒளியில் வேர்த் தடம் ஒளிர்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்புறம் வெளியிலிருந்து வரும் செடி, விதைகளைச் சோதித்து அனுமதிக்கும் தாவரத் தனிமைப்படுத்தல், களைக்கொல்லி ஆராய்ச்சி, மேய்ச்சல் நில மேலாண்மை, சதுப்பு நில மீட்பு, சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு, பயிர்களின் காட்டு உறவுகளைச் சேமிக்கும் மரபணு வங்கி. இவற்றில் எங்கே போனாலும் புல்லைச் சரியாகப் பெயர் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. குழுவில் பலரும் ‘ஏதோ ஒரு புல்’ என்று எழுதிவிட்டுப் போகிற இடம் அது.

அதனால் என் யோசனை, புல்லை விடச் சொல்லாதீர்கள், அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். விதை அறிவியல், சூழலியல், களை அறிவியல், புள்ளியியல், இவற்றில் ஏதாவது ஒன்று. முதுகலையை இந்தத் துணைப் பாடத்தில் எடுத்து, ஆய்வுத் திட்டத்தைப் புல்லில் செய்யலாம். வேலைச் சந்தையில் இரண்டு கதவுகளைத் தட்ட முடியும்.

செல்போன் செயலியும் டிஎன்ஏ சோதனையும் இந்த வேலையை எடுத்துக்கொள்ளுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். இலைகளின் படத்தைப் பார்த்துச் செயலி சொல்லும் பதில் புல் விஷயத்தில் அடிக்கடி தவறும், ஏனென்றால் லிகுலும் தழும்பும் அந்தப் படத்தில் விழுவதில்லை. டிஎன்ஏ நல்ல கருவிதான், தம்பி அதையும் கற்கட்டும். ஆனால் தாவரங்களுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் மரபணுத் துண்டுகள் நெருங்கிய புல் இனங்களைப் பல நேரம் பிரித்துக் காட்டுவதில்லை. ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிக்கு முதலில் சரியான பெயர் வைக்கவும் ஓர் ஆள் தேவை.

பட்டத்தைப் பற்றி அதிகம் பயப்படாதீர்கள் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். ஆக்னஸ் சேஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். 1903-இல் அமெரிக்க வேளாண் துறையில் தாவரங்களை வரையும் ஓவியராகச் சேர்ந்து, புற்களில் உலகமே மதிக்கும் அறிஞரானார். 1939-இல் ஓய்வு பெற்ற பிறகும் 1963-இல் இறக்கும் வரை புல்லை விடவில்லை. இங்கிலாந்தின் சார்லஸ் எட்வர்ட் ஹப்பர்ட் தோட்ட வேலையிலிருந்து வந்தவர். அமெரிக்கச் சதுப்புப் புல் ஒன்றும் ஐரோப்பியப் புல் ஒன்றும் கலந்து மலட்டுக் கலப்பினமாகி, பின் குரோமோசோம் இரட்டித்து வளமான புது இனமாகி, கடலோரச் சேற்று நிலங்களில் பரவியது. ஸ்பார்ட்டினா ஆங்கிலிக்கா என்று அதற்கு 1978-இல் பெயர் வைத்தவர் இவர்தான். இன்று படிப்புச் சான்று இல்லாமல் இந்த வழியில் போக முடியாது, உண்மைதான். ஆனால் கண்ணும் பொறுமையும்தான் இவர்களை உயர்த்தின, அதை மகன் தன்னிடம் இருக்கிறதா என்று இப்போதே சோதித்துப் பார்க்கலாம்.

எப்படி என்றால், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். கதிர் விட்ட பத்துப் புற்களை வேரோடு எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காய வைக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் லிகுல் சவ்வா மயிரா, கதிர்க்கிளை விரல்போல விரிகிறதா, சிறுகதிரில் எத்தனை பூ, முற்றினால் எந்த இடத்தில் உடைகிறது என்று கையால் வரைந்து எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. மூன்றாவது புல்லிலேயே சலித்துப்போனால் அவரே சொல்லிவிடுவார். பத்தும் முடித்துப் பதினொன்றாவதைத் தேடிப் போனால், அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வாருங்கள். எந்த முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அன்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.