மைனஸ் கண்ணாடிக்காரருக்குச் சீனி கண்ணைத் தாக்காதா?

உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "எனக்கு 61 வயது. 14 வயதிலிருந்து கண்ணாடி, இப்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் 7. சீனி வருத்தம் வந்து 9 வருடம். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குச் சீனி கண்ணைத் தாக்காது என்று மருமகன் எங்கேயோ வாசித்துவிட்டுச் சொல்கிறார். அப்படியென்றால் வருடா வருடம் மருந்து விட்டுக் கண்ணைக் காட்டத்தான் வேண்டுமா? மூன்று வாரத்துக்கு முன் இன்சுலின் தொடங்கினேன். அதிலிருந்து கண்ணாடியும் சரிவரவில்லை. புதிதாக எடுக்கட்டுமா?"

டீச்சர், மருமகன் பொய் சொல்லவில்லை. பாதியில் வாசிப்பதை நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

கிட்டப்பார்வைக்காரரின் கண் முன்பின்னாக நீண்டிருக்கும். சாதாரணக் கண்ணின் நீளம் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர். அது ஒரு மில்லிமீற்றர் நீண்டாலே கண்ணாடியில் இரண்டரை, மூன்று நம்பர் ஏறிவிடும். கொத்துக் கடையில் ரொட்டி வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவு அதேதான், விரிய விரிய மெலிகிறது. நீண்ட கண்ணில் விழித்திரையும் அப்படித்தான். மெலிந்த திரைக்குப் பிராணவாயு குறைவாகப் போதும், அதில் ஓடும் இரத்தமும் குறைவு. அதனால் சீனியால் பழுதாகும் நுண்குழாய்களுக்குச் சுமை குறைகிறது என்று கருதப்படுகிறது. இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் கூழ் இவர்களுக்கு இள வயதிலேயே விழித்திரையை விட்டுக் கழன்றுவிடும். முற்றிய சீனி நோயில் முளைக்கும் புதுக் குழாய்கள் அந்தக் கூழைப் பற்றித்தான் படரும். பந்தல் இல்லாத இடத்தில் கொடி எப்படி ஏறும்? சிங்கப்பூரில் மலாய் மக்களிடையே நடந்த ஆய்வு உட்படப் பல ஆய்வுகளில், நீண்ட கண்ணில் நீரிழிவு விழித்திரை நோய் குறைவாகவே தெரிந்தது.

குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. எத்தனை வருடமாகச் சீனி இருக்கிறது, எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, பிரஷர் எப்படி என்பவற்றின் முன்னால் கண்ணின் நீளம் சின்ன விஷயம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவுக்காரரிடையே நடந்து 1993இல் வெளியான ஆய்வில், சீனியை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரை நோய் புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. இரண்டு மில்லிமீற்றர் நீளத்தை நம்பிக் கிளினிக்கை விடுவது சரியான கணக்கு இல்லை.

அதோடு, மைனஸ் எல்லாம் ஒரே மைனஸ் அல்ல. உங்களுக்குச் சிறு வயதில் வந்தது, அது கண்ணின் நீளம். ஐம்பது, அறுபது வயதில் திடீரென்று மைனஸ் ஏறினால், கண் வில்லையின் நடுப்பகுதி இறுகிப் புரை விழத் தொடங்கியிருக்கலாம். 'கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறேன்' என்று சந்தோஷப்படுகிறவர்களில் பலர் இந்த ரகம். அந்த மைனஸில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கோ கதை தலைகீழ். சீவியது முன்பக்கக் கருவிழியை மட்டும். கண் பழைய நீளத்திலேயே இருக்கிறது, அதன் ஆபத்துகளும் கூடவே இருக்கின்றன.

என்ன ஆபத்துகள்? மெலிந்த திரை ஓரங்களில் கிழியலாம், பிரிந்து வரலாம். கண் அழுத்த நோயும் இவர்களுக்குக் கூடுதலாக வரும். கண்ணுக்குள் மின்னல் அடித்தால், கரும்புள்ளிகள் திடீரென்று மழைபோல் விழுந்தால், ஒரு பக்கம் திரை இழுத்த மாதிரி மறைத்தால், அது கிழிசலாகவும் இருக்கலாம், சீனியால் வந்த இரத்தக் கசிவாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் இருந்து யோசிக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். புதிது எடுக்காதீர்கள். சீனி ஏறி இறங்கும்போது கண் வில்லையின் சக்தியும் மாறும். பல காலம் கூடிக் கிடந்த சீனி இன்சுலினால் சடாரென்று இறங்கினால், மைனஸ் கொஞ்ச நாளைக்குக் குறைந்த மாதிரி ஆகிவிடும். பழைய கண்ணாடி ஒத்துவராமல் போவது பெரும்பாலும் இதனால்தான். சீனி நிலைப்பட்டு ஒன்றரை, இரண்டு மாதம் போகட்டும். இன்றைக்கு அளந்து கண்ணாடி வெட்டினால் அடுத்த மாதம் அது அலுமாரிக்குத்தான்.

ஆனால் கண்ணாடிக்குக் காத்திருப்பதுபோல் விழித்திரைப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. சீனி வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரை நோய் இருந்தால் அது தற்காலிகமாக மோசமாகலாம். அதற்குப் பயந்து இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள். இந்த மாதமே ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். பார்வை தெளிவாக இருக்கிறதே என்பது கணக்கில் வராது. இந்த நோய் நெடுநாள் ஒரு சத்தமும் போடாது.

போகும்போது கிளினிக் புத்தகம், இப்போதைய கண்ணாடி, பழைய கண்ணாடிச் சீட்டு இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். மருந்து விட்டால் நாலைந்து மணித்தியாலம் எல்லாம் மங்கலாக இருக்கும். உட்துறைமுக வீதி மத்தியான வெயிலில் கண்ணைத் திறக்கவே விடாது. ஸ்கூட்டி வேண்டாம், மருமகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். மீதிப் பாதியை அவரும் கேட்கட்டும்.