பயிற்சிக்கான ஜேர்மன் விசா மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஜேர்மனியில் ஆறு மாத ஹோட்டல் பயிற்சிக்கு இடம் கிடைத்தும் விசா மறுத்துவிட்டார்கள், மேன்முறையீடு செய்யலாமா?

தம்பி, தூதரகத்துக்கே ஆட்சேபக் கடிதம் எழுதும் பழைய வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. தூதரகத்தில் அப்பீல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மிச்சம் இருப்பது, மறுப்புக் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது புது விண்ணப்பம். வழக்கு இழுபடும், பயிற்சித் தேதி போய்விடும். நான் புது விண்ணப்பத்தையே சொல்வேன்.

அதற்கு முன் மறுப்புக் காரணத்தை நிதானமாக வாசியுங்கள். மாணவர் பயிற்சி என்றால் படிப்போடு நேரடித் தொடர்பு வேண்டும், நான்கு செமஸ்டராவது முடித்திருக்க வேண்டும், அந்நாட்டு வேலைவாய்ப்பு முகமையின் சம்மதமும் வேண்டும். என் அக்கா மகளுக்கும் இப்படித்தான் மறுத்தார்கள். அவள் படிப்பது சுற்றுலா முகாமைத்துவம். ஹோட்டல் கொடுத்த தாளிலோ 'சமையலறை உதவி' என்று ஒரே வரி. அங்கேதான் அடிபட்டது. அப்புறம், எந்த வாரம் எந்தப் பிரிவில் என்ன பழகுவாள் என்று பயிற்சித் திட்டம் எழுதி வாங்கி, கெம்பஸ் கடிதத்தையும் வைத்துத்தான் மறுபடி போட்டோம்.

முந்தைய மறுப்பைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.