பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்பில் தங்க முடியுமா?

ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குடும்பத்தோடு கன்னியாகுமரி வருகிறோம். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்பில் ஓர் இரவு தங்கவைத்து, ஆட்டமும் காட்டுவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

காணிக்காரர் மலையில் வாழும் பழங்குடி மக்கள். அவர்களுடைய குடியிருப்புகளில் பலவும் வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வெளியாட்கள் உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். "செக்போஸ்ட்ல நம்ம ஆளுதான்" என்பார் புரோக்கர். பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில். அவருடைய போன் அணைந்திருக்கும்.

பொதுச் சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடந்து போகிறவருக்குச் சீட்டு தேவையில்லை என்று ஒரு விலக்கு உண்டு. இதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். கடந்து போகிறவருக்கு மட்டும்தான் அது. பஸ்ஸில் உட்கார்ந்து போனால் சரி. வண்டியை விட்டிறங்கி ஒற்றையடிப் பாதையில் கால் வைத்தால் விலக்கு அங்கேயே முடிந்தது. இரவு தங்குகிறவர் கடந்து போகிறவர் ஆக மாட்டார். ஜீப் போகிற காட்டுத்தடமெல்லாம் பொதுச் சாலையும் ஆகாது.

இந்த நாலு வரியை எல்லோருக்கும் புரிகிற தமிழில் பெரிய பலகையாக எழுதி வைத்தால் புரோக்கர்களின் பிழைப்பில் பாதி போய்விடும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அந்த ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஒலிக்கும் கொக்கரை என்பது வரிவரியாக வெட்டிய இரும்புக்குழல். கம்பியால் உரசி ஒலி எழுப்புவார்கள். அதை இசைத்து, நோய்ப்பட்டவருக்காகப் பிலாத்தி, அதாவது காணிக்காரரின் பூசாரி, பாடுவது சாற்றுப்பாட்டு. நம் வீட்டு நோயாளியின் தலைமாட்டில் செய்கிற வழிபாட்டை, சாப்பிட்டு முடித்த விருந்தாளிக்கு ஆடிக்காட்டச் சொன்னால் பொறுப்போமா? "காணி மருந்து" என்று பொட்டலம் நீட்டினாலும் வாங்காதீர்கள். சரணாலயத்துச் செடியைப் பறித்து வருவதும் குற்றம்.

போயே தீர வேண்டுமென்றால் நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பேச்சிப்பாறை அணை வரை நாகர்கோவிலிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் அரசு பஸ் உண்டு. திருவிதாங்கூர் காலத்தில் கட்டி 1906இல் முடித்த அணை. அங்கே காணிக்காரர் யாராவது பேசினால் உட்கார்ந்து கேளுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். திரும்பும் வழியில் தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிடலாம். கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை திறக்க மாட்டார்கள்.